பரண் மேல் உறங்கும் அமானிதம்

உங்கள் வீட்டுப் பரணைக் கடைசியாக எப்போது முழுவதும் இறக்கிப் பார்த்தீர்கள்?

நோன்புக்கு முன் வீட்டைக் கழுவியபோது பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, தூசியைத் தட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப ஏற்றியிருப்பீர்கள். அங்கே என்னென்ன இருக்கின்றன? நிக்காஹ்வின்போது சீராக வந்த பித்தளை அண்டாவும் குடங்களும். அட்டைப்பெட்டி பிரிக்காத ஹாட்பாக்ஸ் இரண்டு மூன்று. சவூதியிலிருந்து மச்சான் கொண்டு வந்த கனத்த கம்பளிப் போர்வை. இராமநாதபுரத்து வெயிலில் ஒரு நாள்கூட யாரும் போர்த்தாதது. 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குப் பிறகு அரசு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்ததால் கட்டுப் பிரிக்காமலே போனவை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒதுக்கப்பட்ட தொட்டில், சின்ன சைக்கிள். வாப்பும்மா வஃபாத்தான பிறகு மூலையில் மடக்கி வைத்த சக்கர நாற்காலி.

இவையெல்லாம் யாருடையவை?

"என்னுடையவைதான், இதிலென்ன சந்தேகம்?" என்பீர்கள். பட்டா, ரசீது எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால், நம் கையில் உள்ள பொருளுக்கு நாம் பொறுப்பாளிகளாக மட்டுமே ஆக்கப்பட்டிருக்கிறோம் என்றல்லவா திருமறை சொல்கிறது (57:7)! அப்படியானால் பரண் மேல் கிடப்பது நம் சொத்து அல்ல, அமானிதம். அமானிதத்தை ஒருவர் துருப்பிடிக்க விட்டால் அவருக்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது அதே தெருவின் கடைசி வீட்டைப் பாருங்கள். அங்கே ஒரு தகப்பன், மகளின் குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்க வட்டிக்குக் கடன் தேடி அலைகிறான். மிக்ஸி எரிந்துபோய், நோய்வாய்ப்பட்ட ஒரு தாய் அம்மியில் அரைக்கிறாள். பக்கவாதம் வந்த பெரியவர் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். தூக்கிச் செல்ல ஆள் இல்லை, நாற்காலி வாங்க வசதி இல்லை. ஒரு வீட்டில் பொருள் உறங்குகிறது. மறு வீட்டில் மனிதர்களுக்கு உறக்கம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐம்பது அடி தூரம்தான். ஐவேளையும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். இருந்தும் இந்த ஐம்பது அடியை நாம் கடக்கவில்லை!

அற்பப் பொருள் என்று நினைக்காதீர்கள்

நம் பிள்ளைகள் மக்தபில் மனனம் செய்யும் சின்னஞ்சிறு அத்தியாயங்களில் ஒன்று அல்மாஊன். ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுபவனைப் பற்றி, தொழுகையில் அலட்சியம் செய்பவனைப் பற்றி, பிறர் பார்க்கத் தொழுபவனைப் பற்றி எச்சரித்துக்கொண்டே வந்து, எங்கே முடிகிறது தெரியுமா? அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவனிடம் வந்து முடிகிறது (107:7). அந்தச் சொல்லுக்கு ஜகாத் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. அண்டை வீட்டார் இரவல் கேட்கும் சட்டி, வாளி, கோடரி போன்றவையே அது என்று விளக்கியவர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள்.

சட்டியும் வாளியும்! தொழுகையில் பொடுபோக்கு செய்பவனையும் சட்டியை இரவல் தர மறுப்பவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது குர்ஆன். எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! ஓதிய வாயோடு வீட்டுக்கு வந்து பரணைப் பூட்டி வைக்கிறோமே, இது எந்த வகை இபாதத்?

தேக்சாவும் சந்தூக்கும்

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. நம் ஊர் ஜமாஅத்துகளில் பள்ளிவாசலுக்கென்று பெரிய தேக்சா, சஹன் தட்டுகள், பாய், ஜமுக்காளம் இருக்கின்றன அல்லவா? யார் வீட்டு நிக்காஹ் ஆனாலும் அங்கிருந்துதான் போகின்றன; விருந்து முடிந்ததும் கழுவித் துடைத்துத் திரும்ப வந்துவிடுகின்றன. பணக்காரர் வீட்டு வலீமாவும் கூலிக்காரர் வீட்டு வலீமாவும் ஒரே தேக்சாவில்தான் வெந்தன. பொதுப்பொருளைப் பேணுவதும் கணக்கு வைப்பதும் நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். சந்தூக்! நம்மில் யாராவது சொந்தமாகச் சந்தூக் வாங்கி வைத்திருக்கிறோமா? கோடீஸ்வரனும் குடிசைவாசியும் கடைசிப் பயணத்தை ஊருக்குப் பொதுவான அந்த ஒரே பெட்டியில்தான் போகிறார்கள். இறக்கி வைத்ததும் அது அடுத்தவருக்காகத் திரும்பி வந்துவிடுகிறது. போகும்போது இரவல் பெட்டியில் போகிறவன், இருக்கும்போது மூன்று ஹாட்பாக்ஸைக் கட்டிக்கொண்டு அழுகிறான்!

உலகச் சுற்றுப்பயணி இப்னு பதூதாவைத் தெரியும்தானே? 1340களில் நம் மதுரைப் பக்கமும் வந்து போனவர். அவர் 1326ஆம் ஆண்டு திமிஷ்க் நகரத்தில் கண்டதை எழுதியிருக்கிறார். தெருவில் ஓர் அடிமைச் சிறுவனின் கையிலிருந்து விலையுயர்ந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. எஜமான் அடிப்பானே என்று பையன் நடுங்கினான். கூடியிருந்தவர்களில் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகச் சொன்னார். பையன் போனான், துண்டுகளைக் காட்டினான், அதேபோன்ற தட்டு வாங்கப் பணம் கொடுத்தார்கள். ஏழைப் பெண்களைச் சீராட்டிக் கணவன் வீட்டுக்கு அனுப்பி வைப்பதற்கென்றும் அந்நகரில் தனி வக்ஃப் இருந்ததை அவர் குறித்திருக்கிறார்.

உடைந்த தட்டுக்காகவும், பயந்த ஒரு சிறுவனுக்காகவும் வக்ஃப் வைத்த சமுதாயம் இது. நாமோ வக்ஃப் என்றால் நிலமும் கட்டடமும் வழக்கும் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கொடுப்பது வேறு, கழிப்பது வேறு

இங்கேதான் சகோதரர்களே, ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. "கொடுங்கள்" என்றவுடன் நம்மில் பலர் எதைக் கொடுக்கிறோம்? பொத்தான் இல்லாத சட்டை, அக்குள் கிழிந்த ஜாக்கெட், மூடி இல்லாத குக்கர், ஒற்றைச் செருப்பு! வீட்டுக் குப்பை வெளியேறியது; கூடவே நன்மையும் எழுதப்பட்டது என்று ஒரு திருப்தி.

யாரை ஏமாற்றுகிறோம்? நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோமே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடி எடுத்துத் தர்மம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் கண்டிக்கிறான் (2:267). நாம் நேசிப்பதிலிருந்து கொடுத்தால்தான் நன்மையை எட்ட முடியும் என்ற 3:92 வசனம் இறங்கியபோது அபூதல்ஹா (ரலி) என்ன செய்தார்கள்? தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தையே கொடுத்தார்கள் (புகாரி 1461). அவர்கள் தோட்டத்தைக் கொடுத்தார்கள். நாம் ஒற்றைச் செருப்பைக் கொடுக்கிறோம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த பிறகு நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் கண்ட காட்சி இன்னும் பலருக்கு நினைவிருக்கும். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணிகள், தொடுவாரின்றி மூட்டை மூட்டையாகச் சாலையோரத்தில் கிடந்தன. மீனவ மக்கள் உழைத்து உண்டவர்கள். கடல் அவர்களின் வீட்டை எடுத்தது, மானத்தை எடுக்கவில்லை. பிறர் கழித்துப் போட்ட கந்தலை உடுத்த அவர்கள் விரும்பவில்லை. அந்தத் துணி மலையை அப்புறப்படுத்துவதே நிவாரண ஊழியர்களுக்குத் தனி வேலையாகிப் போனது. கொடுத்தவர்களின் நிய்யத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குபவர் யார், அவருக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுத்தால், அது உதவியாக இருக்காது, சுமையாகத்தான் இருக்கும்.

நம் சமுதாயத்திலும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ரமளான் பிறை தெரிந்தால் போதும், ஜவுளிக் கடைகளில் 'ஜகாத் சேலை' என்று தனி அடுக்கு! ஒரு துவைப்பில் சாயம் போகும். மறு துவைப்பில் நூல் பிரியும். அதைக் கட்டுகிற பெண்ணைப் பார்த்தாலே, 'இவள் ஜகாத் வாங்கியவள்' என்று ஊருக்கே தெரியும். சேலையிலேயே முத்திரை குத்தி அனுப்புகிறோம்! சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்கிறதே குர்ஆன் (2:264), வாயால் சொல்லிக் காட்டுவது மட்டும்தான் சொல்லிக் காட்டுதலா?

தோலும் திரையும்

சரி, கொடுக்கத் தகுதியில்லாத பொருளை என்ன செய்வது? எறிந்துவிடலாமா?

அன்னை மைமூனா (ரலி) அவர்கள் விடுதலை செய்த பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். செத்ததாயிற்றே என்று மக்கள் சொன்னபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள் (புகாரி 1492). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவப்படங்கள் உள்ள திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்கள் அதைக் கிழித்தார்கள். கிழிந்த துணியை அன்னையவர்கள் வீசிவிடவில்லை. இரண்டு திண்டுகளாகத் தைத்தார்கள். வீட்டில் அவற்றின் மீது அமர்வார்கள் (புகாரி 2479).

இந்த இரண்டு செய்திகளையும் சட்டம் பேசுவதற்காக மட்டுமே மேடைகளில் எடுத்துக் காட்டுகிறோம். அவற்றினுள்ளே ஒரு வாழ்க்கை முறை இருக்கிறதே! ஒரு பயன்பாடு முடிந்துவிட்டால் பொருள் முடிந்துவிடவில்லை. தம் செருப்பைத் தாமே தைத்து, தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டுக்கொண்டவர்கள் அல்லவா நம் தலைவர் (ஸல்)?

நம் பெரிய உம்மாக்களுக்கு இந்தக் கலை கைவந்ததாக இருந்தது. நைந்த நூல் சேலை முதலில் ஏணைத் துணியாகும். பிறகு குழந்தைக்கு விரிப்பாகும். பிறகு நாலைந்தை அடுக்கித் தைத்தால் மெத்தென்ற விரிப்பாகும். கடைசியில் அடுப்படிக் கைப்பிடித் துணியாகும். ஒரு சேலைக்கு நாலு வாழ்க்கை! இன்றைய பெண்மக்களுக்குத் தையல் தெரியும், இயந்திரமும் இருக்கிறது. பழைய படுக்கை விரிப்பும் கைலியும் கடைப்பைகளாக மாறட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமும் தொடங்கியது. நம் மளிகைக் கடைகளுக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் துணிப்பை தேவை. நம் ஏழைச் சகோதரிகளுக்கு வேலை தேவை. நம் பரணில் துணி இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைக்க ஓர் ஆள்தான் இல்லை!

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட 'கூஞ்ச்' அமைப்பைப் பாருங்கள். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கியது. நகரங்களில் சேரும் பழைய துணிகளைத் தரம் பிரித்து, நல்லதைக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். சும்மா கொடுப்பதில்லை, ஊர் மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள், அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணியும் பொருளும் தருகிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணிகளைச் சுத்தம் செய்து, ஏழைப் பெண்கள் மாதவிலக்குக் காலத்தில் பயன்படுத்தும் துணிகளாக்குகிறார்கள். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நல்ல ஞானம் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்வதில் நமக்கென்ன தயக்கம்?

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை

பழைய இரும்பு, பழைய பேப்பர், பாட்டில் வாங்கும் கடையைத் தமிழ்நாடு முழுவதும் 'காயலான் கடை' என்று ஏன் சொல்கிறார்கள்? காயல்பட்டினத்து வணிகர்கள் இந்தத் தொழிலில் முன்னே நின்றதால் வந்த பெயர் என்று சொல்லப்படுவதுண்டு. பழைய வண்டியைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் மறுபடி ஓட வைக்கும் சென்னை புதுப்பேட்டையிலும் நம் சகோதரர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். சிலர் இதைக் கேவலமாக நினைக்கிறார்கள். பெண் கேட்டுப் போகும்போது, "பழைய சாமான் கடை" என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எதற்குக் கூச்சம்? உலகம் எறிந்ததைத் திரும்ப உலகத்துக்கே பயனுள்ளதாக்கித் தரும் ஹலாலான தொழில் அது! எந்தப் பொருளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, எது செத்துவிட்டது என்று ஒரு பார்வையில் சொல்லும் அறிவு உங்களிடம்தான் இருக்கிறது. அந்த அறிவிலிருந்து மாதம் இரண்டு மணி நேரத்தை முஹல்லாவுக்கு ஸதகாவாகத் தாருங்கள்.

அதேநேரம் இரண்டு விஷயங்களில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்.

ஒன்று: விற்காமல் தேங்கிய சரக்கை ஜகாத்தாக ஒதுக்குவது. வியாபாரப் பொருளுக்கு அன்றைய சந்தை மதிப்பில் ஜகாத் கணக்கிட வேண்டும் என்பது அறிஞர்களின் பரவலான கருத்து. பொருளாகவே கொடுக்கலாமா, பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு; உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்நூறு ரூபாய் என்று சீட்டு ஒட்டி, இன்றைக்கு நூறு ரூபாய்க்கும் யாரும் வாங்காத சரக்கைக் கொடுத்துவிட்டு, கணக்கில் ஐந்நூறு என்று எழுதுவதற்கு எந்த மத்ஹபும் இடம் தரவில்லை. தேங்கிய சரக்கைத் தாராளமாகக் கொடுங்கள், அது ஸதகா. ஜகாத்தின் கணக்கைத் தொடாதீர்கள்.

இரண்டு: மின்சாதனக் கழிவு. பழைய டப்பாத் தொலைக்காட்சியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே இருக்கும் செம்புக்காக அதைச் சுத்தியலால் உடைப்பதும், ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. உடைப்பது யார்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்! அந்தப் புகையும் தூசியும் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் இவை போய்ச்சேர வேண்டும். ஓடுகிற பெட்டியை ஓடுகிற நிலையில் கொடுங்கள். ஓடாததை முறையான இடத்தில் சேருங்கள். நாலு காசுக்காகப் பிள்ளைகளுக்கு நஞ்சு ஊட்டாதீர்கள்.

இளைஞர்களே, வேலை உங்களுடையது

2015இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் சுவரில் கொக்கி அடித்து, 'வேண்டாதவர் மாட்டிச் செல்லுங்கள், வேண்டியவர் எடுத்துச் செல்லுங்கள்' என்று தொடங்கினார்கள். அதே வழியில் 2017இல் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் 'அன்புச் சுவர்' அமைத்தது. பல ஊர்களிலும் பரவியது. நல்ல முயற்சிதான். ஆனால் சுவர் எழுப்புவது ஒரு நாள் வேலை. பேணுவது ஒவ்வொரு நாள் வேலை. ஆள் இல்லாத சுவர் மூன்றே மாதத்தில் குப்பை மேடாகிவிடும். எனவே நமக்குத் தேவை சுவர் அல்ல. ஒவ்வொரு முஹல்லாவிலும் பைத்துல்மாலின் கீழ் ஒரு பொதுப் பண்டகசாலை. எப்படி நடத்துவது?

1. மதரஸாவின் காலி அறை, ஒரு வியாபாரியின் கிடங்கு மூலை, எது கிடைத்தாலும் போதும். ஒழுகாத கூரையும் பூட்டும் வேண்டும். புதிய கட்டடத்துக்கு வசூல் தொடங்கிவிடாதீர்கள்!

2. மாதத்தில் ஒரு நாள் மட்டுமே பொருள் வாங்குங்கள். தினமும் வாங்கினால் வாசலில் மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூட்டையைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரியுங்கள். மறுக்க வேண்டியதை அன்போடு மறுத்துவிடுங்கள்.

3. வந்ததை மூன்றாகப் பிரியுங்கள். அப்படியே கொடுக்கத் தக்கது, பழுது பார்த்துக் கொடுக்கத் தக்கது, காயலான் கடைக்குப் போக வேண்டியது. மூன்றாவதை விற்ற காசில் இரண்டாவதைப் பழுது பாருங்கள்.

4. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எதுவானாலும் மின்பணியாளர் சோதித்த பிறகே வெளியே போகட்டும். ஒயர் நைந்த மிக்ஸி தர்மம் அல்ல, ஆபத்து. பித்தளைப் பாத்திரம் சமையலுக்கென்றால் ஈயம் பூசிக் கொடுங்கள். பழுது பார்ப்பவருக்குக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். "அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள் பாய்" என்று சொல்லி ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடித்து இன்னோர் ஏழைக்கு உதவாதீர்கள். வியர்வை உலருமுன் கூலி தரச் சொன்ன மார்க்கம் இது.

5. கைப்பேசியை வாங்கினால் சிம்மும் மெமரி கார்டும் எடுக்கப்பட்டு, உள்ளிருப்பவை அனைத்தும் அழிக்கப்பட்டதா என்று பாருங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருக்கும்! கொடுத்தவர் கையொப்பம் வாங்குங்கள். அந்தக் கருவியின் அடையாள எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் பொருள் நம் பண்டகசாலைக்குள் நுழைந்துவிடக் கூடாது. நம் இளைஞர்கள் மீது வீண்பழி போடக் காத்திருப்பவர்களுக்கு வாய்ப்பளிக்காதீர்கள்.

6. சக்கர நாற்காலி, நடைச்சட்டம், கழிப்பிருக்கை, தண்ணீர் மெத்தை ஆகியவற்றைத் தானமாகக் கொடுக்காதீர்கள், இரவலாகக் கொடுங்கள். தேவை முடிந்ததும் சுத்தம் செய்து வாங்கி அடுத்தவருக்கு அனுப்புங்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் இருந்தால், பழுது நீக்குபவரிடம் சோதித்த பிறகே, மருத்துவர் சொல்லும் நோயாளிக்கு மட்டும் கொடுங்கள். மருந்து மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

7. இரண்டு பேரேடுகள் வேண்டும். என்ன வந்தது, என்ன போனது என்ற பேரேட்டை எவர் கேட்டாலும் காட்டுங்கள். யாருக்குப் போனது என்ற பேரேட்டை இருவர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. பெண்களின் தேவையைப் பெண்களே கேட்டறியட்டும்.

படம் எடுக்காதீர்கள்!

ஒரு தையல் இயந்திரத்தை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்க, வாங்கும் சகோதரி முகத்தை மறைக்க முடியாமல் தலைகுனிந்து நிற்கும் படங்கள் இன்று கைப்பேசி தோறும் சுற்றுகின்றன. எட்டுப் பேருக்கும் விளம்பரம், அவளுக்கு அவமானம். வேண்டாம் சகோதரர்களே! படம் தேவையானால் அடுக்கி வைத்த பொருளைப் படம் எடுங்கள், மனிதரை எடுக்காதீர்கள்.

கூட்டம் கூட்டியும் கொடுக்காதீர்கள். 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில் தனியார் ஒருவர் வழங்க இருந்த இலவச வேட்டி, சேலைக்கான டோக்கன் வாங்கத் திரண்ட நெரிசலில் நான்கு பெண்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 31 அன்று, ரமளான் மாதத்தில், கராச்சியில் ஒரு தொழிற்சாலையில் உதவி வாங்கக் கூடிய நெரிசலில் பெண்களும் சிறுவர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு சேலைக்கு ஓர் உயிர்! பொருள் வீடு தேடிப் போகட்டும். இஷாவுக்குப் பிறகு, ஒரு சைக்கிளில், சத்தமில்லாமல் போகட்டும்.

அந்த வீடு முஸ்லிம் வீடாகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை. உறவான அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார் இருவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது குர்ஆன் (4:36). தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அதுதான் நம் முகவரி.

"இவ்வளவு பிரச்சினைகள் இருக்கும்போது..."

சில சகோதரர்கள் கேட்பார்கள்: "சமுதாயத்தின் உரிமைகள் பறிபோகின்றன. இந்த நேரத்தில் பழைய பாத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கடைசி வீட்டுத் தகப்பன் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவனை எந்தப் போராட்டத்துக்கு அழைப்பீர்கள்? ஒரு சின்ன அறையின் கணக்கைச் சுத்தமாக நடத்தத் தெரியாதவர்களிடம் ஊரின் பொறுப்பை யார் ஒப்படைப்பார்கள்? பண்டகசாலை, இளைஞர்களுக்குப் பயிற்சிப் பட்டறையும்தான்.

இன்னொரு கேள்வி அதைவிடக் கூர்மையானது. "பழையதைக் கொடுத்துவிட்டுப் பரணைக் காலி செய்தால், புதியதை வாங்கி நிரப்பத்தானே போகிறோம்?" உண்மை! நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டுப் பரணில் வீணாகும் பித்தளையும், இன்னொரு வீட்டில் ஏறும் வட்டியும் ஒரே சீர் வரிசைப் பட்டியலிலிருந்து பிறந்தவை. எனவே பண்டகசாலைக்கு ஒரு விதி இருக்கட்டும். தனிக்குடித்தனம் தொடங்கும் ஏழைத் தம்பதிக்கு அடுப்படிச் சாமான் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் பட்டியலுக்கு இங்கிருந்து ஒரு கரண்டிகூடக் கிடையாது! வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது குர்ஆன் (17:27). அந்த உறவுமுறை நமக்கு வேண்டாம்.

வரும் ஜும்ஆவுக்கு முன் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்களிடம் கலந்து பேசுங்கள். அவர்கள் பொருளை அவர்கள் சம்மதமின்றித் தொடாதீர்கள். ஓராண்டாகத் தொடாத பொருளை எல்லாம் கீழே இறக்குங்கள். துடையுங்கள், துவையுங்கள், பழுது பாருங்கள். "இதை என் தம்பிக்குக் கொடுப்பேனா?" என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேளுங்கள். கொடுப்பேன் என்று மனம் சொன்னால் மட்டும் கொடுங்கள். ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியையும் இமாமையும் சந்தித்து, அறையைக் கேளுங்கள்.

நமக்குத் தரப்பட்ட ஒவ்வோர் அருட்கொடையைப் பற்றியும் விசாரிக்கப்படும் நாள் வருகிறது (102:8). அன்றைக்கு, பயன்படாமல் துருப்பிடித்த ஓர் அண்டா நமக்கு எதிராகச் சாட்சி சொல்லுமா, அல்லது ஓர் ஏழையின் வீட்டில் சோறு வெந்த அதே அண்டா நமக்காகப் பேசுமா? முடிவு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசமும் அமானிதம்தான்.